நாளைக்கு வேன் வரும்

வணக்கம் அக்கா,

கொரோனா ஊரடங்குக் காலத்தில், ஆட்டிசம் உள்ள உங்கள் அண்ணன் இருபது விநாடி எண்ணி எண்ணிக் கை கழுவி, கையெல்லாம் வெடித்துப்போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்து, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்றுதான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். நாலைந்து சொற்கள்தான் பேசுவான். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவனுக்கு 11 வயது. மூடிய மறுநாள் காலை 8.10க்குப் பையை மாட்டிக்கொண்டு, ஷூவும் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றான். "இன்னைக்கு வேன் வராது கண்ணா, நாளைக்கு வரும்" என்றேன். அடுத்த நாளும் நின்றான். அடுத்த நாளும் அதையே சொன்னேன். எத்தனை நாள் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. மே மாதம் வாக்கில் ஒருநாள் "நாளைக்கு" என்று ஆரம்பித்ததுமே என் வாயைக் கையால் பொத்தினான். அப்புறம் கதவில் தலையை இடிக்க ஆரம்பித்தான். தடுக்கப் போனேன், கடித்தான், அறைந்துவிட்டேன். அதற்கு முன்னால் அவனை ஒரு அடி அடித்ததில்லை.

இப்போது வேன் வருகிறது. எல்லோருக்கும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் இன்னும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. "அதையே நினைச்சுட்டு இருக்காதே, அவனே மறந்திருப்பான்" என்கிறார் கணவர். சொந்தக்காரர்கள் அப்போதே, "அவனுக்கென்ன, நோயும் தெரியாது பயமும் தெரியாது, கொடுத்துவைத்தவன்" என்றார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர், வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருந்தது அந்த மாதங்களில்தான் என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்படக் கூடாது என்றும் தெரிகிறது.

அவன் மறந்திருப்பானா? மன்னிப்புக் கேட்டால் அவனுக்குப் புரியுமா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறேன். அவன் மறந்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆறுதலாக வேறு மாதிரிச் சொல்லலாம், ஆனால் நீங்கள் ஆறுதல் கேட்டு எழுதியதாக எனக்குப் படவில்லை. என் அண்ணனுக்கு இப்போது 44 வயது. ஏழு வயதில் ஊசி போட்டுக்கொண்ட அறையில் மின்விசிறி எந்தப் பக்கம் கோணலாகத் தொங்கியது என்று இன்றைக்கும் சொல்வார். ஊசி போட்டவர் ஆணா பெண்ணா என்று கேட்டால் தெரியாது. உங்கள் மகனுக்கு அந்த நாளில் எது பதிந்ததோ, யார் கண்டார்கள்? கதவின் சத்தமாக இருக்கலாம், நீங்கள் அழுததாகக்கூட இருக்கலாம். நீங்கள் அறைந்தது மட்டும்தான் பதிந்திருக்கும் என்பது உங்கள் மூன்று மணி விழிப்பு போடுகிற கணக்கு.

எனக்கு நீங்கள் அறைந்ததைவிட, அவன் உங்கள் வாயைப் பொத்தியதுதான் பெரிதாகத் தெரிகிறது. நாலைந்து சொல் பேசுகிற பிள்ளை, நீங்கள் பேசும் நூறு சொற்களில் ஒரே ஒரு சொல்லைக் குறிபார்த்து, இதை இனிமேல் சொல்லாதே என்கிறான். நமக்கு 'நாளைக்கு' என்பது சும்மா ஒரு சமாதானம். கடன் கொடுத்தவரிடம் சொல்வோம், குழந்தையிடம் சொல்வோம், நமக்கு நாமேகூடச் சொல்லிக்கொள்வோம். அவனுக்கு அது தேதி. அந்தத் தேதி தினமும் வந்தது, வேன் மட்டும் வரவில்லை. அத்தனை நாள் அவன் உங்களை நம்பி ஷூ மாட்டியிருக்கிறான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கொடுத்துவைத்தவன் என்றவர்களுக்கு இதைச் சொன்னால் புரியுமா தெரியாது. நமக்குக் காரணமாவது கிடைத்தது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, டிவியில் தினமும் எண்ணிக்கை ஓடியது, பயந்தோம், பயத்தைப் போனில் பேசித் தீர்த்தோம். அவனுக்குக் காரணம் வந்து சேரவில்லை, விளைவு மட்டும் வந்து சேர்ந்தது. வேன் போயிற்று, டீச்சர் போனார், தெரபி போயிற்று, எப்போதும் போகிற வழி போயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொன்ன ஒரே ஆளும் நாளைக்கு என்றார்.

1943ல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை முக்கியமான அடையாளமாகச் சொல்லிவிட்டார். நாம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தோம். சத்தமும் வெளிச்சமும் மனிதர்களும் எப்போது எந்தப் பக்கமிருந்து வந்து விழும் என்று தெரியாத ஒருவருக்கு, 8.10 வேன் என்பது இருட்டுப் படிக்கட்டில் கைப்பிடி மாதிரி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பதற்றக் கோளாறும் கூடவே இருக்கிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அது சாதாரண நாட்களின் கணக்கு. கைப்பிடி இருந்தபோதே அவ்வளவு.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அப்படி எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் கூட்டத்தோடு இடிபட்டுப் போய், டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, யாராவது ஏதாவது சொன்னால் எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி நாள் முழுக்க நடித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து சுருண்டு விழுகிற ஒருவருக்குத் திடீரென்று அந்த நடிப்பிலிருந்து விடுதலை கிடைத்தால் எப்படி இருக்கும்? இப்படிப் பல வருடம் நடித்து ஓய்ந்து, செய்யத் தெரிந்த வேலைகளே ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிற நிலைக்கு 'ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்' என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அனுபவித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சொல் அது. அவர்களில் சிலருக்கு ஊரடங்கு இளைப்பாறல். எல்லாம் திறந்து, மறுபடி வேலைக்கு வா என்றபோதுதான் அவர்களுக்குச் சிக்கலே ஆரம்பித்தது. எல்லோரும் அப்படியும் இல்லை. தனியாக வசித்தவர்கள், வாரம் இரண்டு முறை வந்து உதவுகிற ஆளை இழந்தவர்கள், நீச்சல் குளத்தை நம்பியே நாளை ஓட்டியவர்கள் உங்கள் மகனைப் போலத்தான் தவித்தார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நிம்மதி கிடைத்தவர்களுக்கு அதை எழுத நேரமும் இருந்தது, சொல்லும் இருந்தது. உங்கள் மகனுக்குச் சொல் இல்லை. உங்களுக்கு நேரம் இல்லை. அதனால் அந்தக் காலத்தைப் பற்றி நமக்கு எழுத்தில் கிடைப்பதில் உங்கள் வீடு மாதிரியான வீடுகள் குறைவு. உங்கள் கோபம் அவர்கள்மேல் இல்லை என்று நினைக்கிறேன், உங்கள் வீட்டில் நடந்தது எங்குமே பதிவாகவில்லை என்பதன்மேல். இந்தக் கடிதத்தை வெளியிட உங்களிடம் அனுமதி கேட்டது அதற்காகத்தான்.

அரசாங்கங்களுக்கும் இது தாமதமாகத்தான் உறைத்தது. ஸ்பெயினில் மார்ச் 14 அன்று அவசரநிலை அறிவித்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால் நிலை மோசமாகும் ஆட்டிசம் உள்ளவர்கள், துணையோடு வெளியே போய்வரலாம் என்று சில நாளில் விலக்குக் கொடுத்தார்கள். பிரான்சில் ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளன்று, அதிபர் மக்ரோன் இதே மாதிரித் தளர்வை அறிவித்தார். பிரிட்டனில் நாளுக்கு ஒரு முறைதான் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றிருந்ததை, இரண்டு குடும்பங்கள் சட்டரீதியாகக் கேள்வி கேட்ட பிறகு, ஆட்டிசம் போன்ற தேவை உள்ளவர்களுக்காக ஏப்ரலில் தளர்த்தினார்கள். விதி வந்துவிட்டது, சரி. ஸ்பெயினில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் மேலே பால்கனிகளில் நின்றவர்கள் கத்தித் திட்டினார்கள். திட்டு வாங்காமல் இருக்கச் சில குடும்பங்கள் பிள்ளைகளின் கையில் நீலத் துணி கட்டின. எங்களுக்கு எதற்கு அடையாளத் துணி என்று ஆட்டிசம் உள்ளவர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. கத்தலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு கொள்கை பேச முடியாது. அதே சமயம், பால்கனிக்காரர் வாயை மூட வேண்டியதற்குப் பிள்ளையின் கையைக் கட்டியது என்ன நியாயம் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி உங்களைப் பற்றி. தாயைக் குற்றவாளியாக்குவது ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. தாயின் பாசக்குறைவால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள், அந்தத் தாய்மார்களை 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்றார்கள். 1964ல் அதை எதிர்த்து விரிவாக எழுதிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. அந்தக் கருத்து செத்து எவ்வளவோ காலமாகிறது. ஆனால் பிள்ளை தலையை இடித்தால் முதலில் அம்மா முகத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை, அம்மாவே தன் முகத்தை அப்படித்தான் பார்க்கிறாள்.

நீங்கள் அறைந்தது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டில் அன்று கைப்பிடி இல்லாமல் நின்றது இரண்டு பேர் என்று சொல்கிறேன். பள்ளி இருந்தவரை உங்களுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரம் இருந்தது. அதை யாரும் ஓய்வு என்று சொல்லியிருக்க மாட்டார்கள், அப்போதுதான் துணி துவைத்தீர்கள், வேலைக்குப் போனீர்கள். அதுவும் போய், டீச்சர், தெரபிஸ்ட், காவல் என்று எல்லாமே நீங்களாகி, ராத்திரியும் அவன் தூங்காமல் போனபிறகு, உடம்பில் மிச்சம் என்ன இருந்திருக்கும்? 2010ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்குக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மற்றத் தாய்மார்களைவிடக் குறைவாக இருந்தது. குறைவாக என்றால் நிம்மதி என்று அர்த்தமில்லை, நீண்டகால அழுத்தத்தில் இருப்பவர்களிடம் காணப்படுவது அது. செய்திகளில் போர்வீரர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். போர்வீரருக்கு லீவு உண்டு, அதை எழுதவில்லை.

அந்த நாட்களில் என் அம்மாவின் பயம் சாவு இல்லை. தொற்று வந்து தன்னைத் தனியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அண்ணனை யார் பார்ப்பது, அண்ணனையே கொண்டுபோனால் கூட யாரை விடுவார்கள் என்பதுதான். பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்தார். 'தலையில் தொடக் கூடாது. மூன்று வரை எண்ணிவிட்டுத் தண்ணீர் ஊற்றவும். வலித்தால் சொல்ல மாட்டான், இடது கையை ஆட்டுவான்.' எனக்கு இத்தனை வருடம் கூடவே இருந்தும் அந்த இடது கை விஷயம் தெரியாது.

அண்ணனோ, டிவியில் இரண்டு மீட்டர் இடைவெளி என்று சொன்னதும் இழுப்பு டேப்பை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே அம்மா அந்தத் தூரத்துக்குள் வரக் கூடாது. வந்தால் அளந்து காட்டுவார். வெளியே எல்லாம் தளர்ந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அம்மா அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கொஞ்சிப் பார்த்தோம், அதட்டிப் பார்த்தோம். கடைசியில் நான் ஒரு தாளில் தேதி போட்டு, 'இன்று முதல் வீட்டில் இரண்டு மீட்டர் விதி ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். டேப்பை ஒரு மீட்டருக்குச் சுருக்கினார். அடுத்த வாரம் அரை மீட்டர். அப்புறம் ஒருநாள் டேப் அலமாரிக்குப் போய்விட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மன்னிப்புப் புரியுமா என்று கேட்டீர்கள். அவனுக்குப் புரிகிற வடிவத்தில் கேட்டால் புரியலாம். பள்ளியில் பட அட்டை பழக்கியிருப்பார்கள் இல்லையா? வேன் படம், அதன்மேல் பெருக்கல் குறி, பக்கத்தில் உங்கள் போட்டோ. 'அம்மா தப்பாச் சொன்னேன்', அவ்வளவு போதும். அறைந்ததற்குத் தனி அட்டை, அதே நாளில் வேண்டாம். அவன் தூக்கி எறிந்தால் எறியட்டும், பத்திரமாக எடுத்து வையுங்கள், வேறொரு நாள் அவனே தேடலாம்.

மூன்று மணி விழிப்புக்கு மட்டும் அட்டை போதாது. அதிகாலையில் விழித்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் கிடப்பது மனச்சோர்வின் தெரிந்த அறிகுறிகளில் ஒன்று, இத்தனை வருடமாக இருக்கிறது என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். "உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்" என்று அறிவுரை சொல்கிறவர்களிடம், எந்த நேரத்தை என்று கேளுங்கள். கேட்க வேண்டியது கணவரிடம்: டாக்டரைப் பார்க்கப் போகிற அந்த இரண்டு மணி நேரம் மகனை அவர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களும் ஒரு டைரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், அந்தச் சொல். இப்போதெல்லாம் அவனிடம் அதைச் சொல்வதே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நூறு சதவீதம் நடக்கும் என்று தெரிந்த சின்னக் காரியமாகப் பார்த்து ஒருநாள் சொல்லிப் பாருங்கள். நாளைக்குப் புது டூத் பிரஷ், நாளைக்கு நீலச் சட்டை, அந்த மாதிரி. சட்டையை முந்தின இரவே துவைத்துக் காயவைத்துவிடுங்கள். வாயைப் பொத்தினானா இல்லையா என்று எழுதுங்கள்.

அன்புடன்.