பார்த்தால் வருகிறது, தொழுகையில் வருவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வயது 35. எட்டு மாதமாகக் குர்ஆன் மனனம் செய்கிறேன். அம்ம ஜுஸ்வு (குர்ஆனின் 30 பாகங்களில் கடைசியானது) முடிந்து, 29ஆம் ஜுஸ்வில் சூரா (அத்தியாயம்) நூஹ் வரை வந்திருக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது, அது முழுக்கப் புதுப் பாடத்துக்கே போய்விடுகிறது. பழையதை வெள்ளிக்கிழமை முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) பார்த்து ஒரு சுற்று ஓதுவேன், தடங்கலே இருக்காது. தொழுகையில் நின்றால்தான் 79ஆம் சூரா நாஸிஆத்தில் இருந்து 80ஆம் சூரா அபஸவுக்குத் தாவிவிடுகிறேன். தொடக்கத்தில் சில சூராக்களைத் தமிழ் எழுத்தில் பார்த்து மனனம் செய்தேன். என் ஞாபகசக்திதான் குறைவா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

ஞாபகசக்தியை விட்டுவிடுங்கள். 15 வரி மதீனா முஸ்ஹஃபில் அம்ம ஜுஸ்வு 23 பக்கம், நூஹ் முடிய இன்னும் 10 பக்கம். எட்டு மாதத்தில் 33 பக்கம் என்பது வாரத்துக்கு ஒரு பக்கம். வேலைக்குப் போகிறவருக்கு இது நல்ல வேகம்தான். கோளாறு வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. பார்த்து ஓதும்போது அடுத்த சொல்லைக் கண் எடுத்துக் கொடுத்துவிடுகிறது, நினைவு தேடவே இல்லை. தேடி எடுக்கிற பழக்கம் இல்லாத நினைவு தொழுகையில் கைவிடத்தான் செய்யும். முதலில் மூடி வைத்து ஓத வேண்டும். சிக்கினால் பத்து வினாடியாவது யோசித்துவிட்டுத் திறக்க வேண்டும். திறந்ததும் தவறிய சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு கோடு. ஒரே இடத்தில் மூன்று கோடு விழுந்தால் அந்த ஆயத்தை (வசனத்தை) புதுப் பாடமாகவே எடுத்து மறுபடி செய்யுங்கள்.

புகாரி தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி) ஒன்று குர்ஆன் மனனத்தைக் கட்டிப்போட்ட ஒட்டகத்துக்கு ஒப்பிடுகிறது: கவனித்தால் நிற்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கயிறு தளர்ந்துவிடும்.

நாலு வாரத்துக்குப் புதுப் பாடத்தை நிறுத்துங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் நிறுத்துங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் நாளுக்கு ஐந்து பக்கம் பழுது பாருங்கள், ஒரு வாரத்தில் 33 பக்கமும் ஒரு சுற்று வந்துவிடும். அதன்பிறகு வரிசை இப்படி: முதலில் பழையது நாலு பக்கம், அடுத்து கடைசியாக மனனம் செய்த ஐந்து பக்கம், அதற்குப் பிறகுதான் புதுப் பாடம். மதரஸாக்களில் இவற்றை மன்ஸில், சப்கி, சபக் என்பார்கள். பழையதைக் கடைசிக்கு வைத்தால் நேரம் போதாத நாளில் முதலில் விழுவது அதுதான். பார்க்காமல் ஓதினால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். ஆகவே பழையதும் அண்மையதும் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்சம் புதியதற்கு.

பழையதற்கு இன்னொரு இடமும் உண்டு. ஐவேளைத் தொழுகையின் முன்பின் சுன்னத்துகள் (கூடுதல் தொழுகைகள்) 12 ரக்அத் (தொழுகையின் சுற்று). ரக்அத்துக்கு அரைப் பக்கம் என்றால் ஆறு பக்கம். குல்ஹுவல்லாஹு என்ற சின்ன சூராவிலேயே எல்லா ரக்அத்தையும் கழிப்பதை விட்டால் பழைய பாடத்துக்கென்று தனி நேரமே தேவைப்படாது.

இனி நாஸிஆத், அபஸ. இந்தத் தாவலுக்குக் காரணம் வெளிப்படையானது: 79:33, 80:32 இரண்டும் எழுத்து மாறாமல் ஒரே ஆயத், 'மதாஅன் லகும் வலிஅன்ஆமிகும்'. அதை அடுத்து முந்தையதில் 'தாம்மத்துல் குப்ரா', பிந்தையதில் 'ஸாஃக்ஹா'. (அடையாளத்துக்காக மட்டும் தமிழில் எழுதுகிறேன்.) ஒரே மாதிரியான ஆயத்தை உற்றுப் பார்த்துப் பயனில்லை, முந்தைய ஆயத்தைப் பிடிக்க வேண்டும். 'அர்ஸாஹா' என்று முடித்து வந்தால் தாம்மா, 'வஅப்பா' என்று முடித்து வந்தால் ஸாஃக்ஹா. முந்தையது, நடு, பிந்தையது என்று மூன்று ஆயத்தையும் ஒரே மூச்சாகப் பத்துத் தடவை ஓதுங்கள், பிறகு மற்ற சூராவுக்கும் அப்படியே. மதீனா முஸ்ஹஃபில் முந்தையது 584ஆம் பக்கத்தில், இடப்புறம். தாளைத் திருப்பினால் 585இல், வலப்புறம், பிந்தையது. இடமும் நினைவில் பதியும். அதனால்தான் ஒரே அச்சில் கடைசிவரை இருங்கள் என்று உஸ்தாதுமார்கள் (ஓதக் கற்றுக்கொடுப்பவர்கள்) சொல்கிறார்கள். வீட்டில் ஓர் அச்சு, கைபேசியில் வேறோர் அமைப்பு என்று மாறினால் அந்த உதவி போய்விடும். 81ஆம் சூரா தக்வீரின் 14ஆம் ஆயத்தும் 82ஆம் சூரா இன்ஃபிதாரின் 5ஆம் ஆயத்தும் ஒரே சொற்களில் தொடங்கிப் பிரிகின்றன, அவற்றையும் இப்போதே பிரித்து வைத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து விஷயம் சின்னதல்ல. அரபியின் காஃப் எழுத்துகள் இரண்டுக்கும் தமிழில் ஒரே 'க' தான், அங்கே வெவ்வேறு சொற்களான இதயமும் நாயும் நமக்குக் 'கல்பு' ஆகிவிடுகின்றன. இரண்டு ஹாவும் ஒரே 'ஹ', ஸீனும் ஸாதும் ஒரே 'ஸ'. தப்பாக மனனமானதைத் திருத்துவது புதிதாக மனனம் செய்வதைவிடக் கடினம், நாக்கு பழைய தடத்துக்கே போகும். எந்தெந்த சூராக்கள் அப்படி வந்தனவோ, அவற்றை மனனத்தை மறந்துவிட்டு அரபு எழுத்தில் பார்த்து ஓர் உஸ்தாதிடம் ஓதிக் காட்டுங்கள். பதிவைக் கேட்பது துணைதான், உங்கள் தப்பை அது சொல்லாது. கேட்பதானால் காரீ (குர்ஆன் ஓதுபவர்) அல்ஹுஸரியின் நிதானமான ஓதல் நல்லது. அவர் வர்ஷ் என்ற வேறோர் ஓதல் முறையிலும் பதிவு செய்திருக்கிறார், நம் வழக்கமான ஹஃப்ஸ் முறைதானா என்று பார்த்து எடுங்கள்.

புதுப் பாடம் திரும்பத் தொடங்கும்போது நாளுக்கு மூன்று வரி போதும். ஓர் ஆயத்தைப் பார்த்துப் பத்து, பார்க்காமல் பத்து. அடுத்த ஆயத்துக்கும் அதே. பிறகு இரண்டையும் சேர்த்து ஐந்து. தொழுகையில் பெரும்பாலும் தடைபடுவது ஆயத்தின் நடுவில் அல்ல, இரண்டு ஆயத்துகள் சேரும் மூட்டில்தான். ஒன்றின் கடைசிச் சொல்லையும் அடுத்ததன் முதல் சொல்லையும் தனியே கோத்து ஓதுங்கள். பக்கம் புரளும் இடத்துக்கு இது கட்டாயம்.

சுற்று நீளத்தை ஜுஸ்வு கூடக் கூட மாற்ற வேண்டியிருக்கும். மூன்று ஜுஸ்வு வரை வாரச் சுற்று தாங்கும், நாளுக்கு ஒன்பது பக்கம். பத்து ஜுஸ்வில் அது 29 பக்கம் ஆகிவிடும், அப்போது இரண்டு வாரச் சுற்றுக்குப் போங்கள். ஒரு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

நாலு வாரம் முடிந்ததும் யாரிடமாவது முஸ்ஹஃபைக் கொடுத்து, பக்கத்தின் நடுவில் இருந்து ஐந்து இடங்களில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தலைப்பில் இருந்தே எப்போதும் தொடங்குகிறவர்களுக்கு நடுவில் எடுத்துக் கொடுத்தால் வராது. ஐந்தில் நான்கு சிக்காமல் வந்தால் மறுநாள் சூரா ஜின்னைத் தொடங்கலாம். வராவிட்டால் இன்னும் இரண்டு வாரம்.