அப்பாவின் குளிசைகளை இடையில் நிறுத்தலாமா?

இருமல் நின்றுவிட்டது, இனிக் காசநோய்க் குளிசை வேண்டாம் என்று உப்புவெளியில் இருக்கும் உங்கள் அப்பா இரண்டாம் மாதத்திலேயே அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள்.

1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைப் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள்; படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் ஒற்றை மருந்து என்பதால் ஓரிரு மாதத்தில் பலரிடம் கிருமி அதற்குப் பழகிவிட்டது. தேறி வந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள். இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். இருமல் நின்ற பிறகும் எஞ்சியிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்காமல் இருக்கத்தான் ஆறு மாதம்.

என் அம்மாவும் உங்கள் அப்பாவைப் போலத் திருகோணமலைப் பக்கத்தில்தான் இந்தக் குளிசைகளை எடுத்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் பயந்துவிட்டார். அது அந்தக் குளிசைகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம். சுவர்க் கலண்டரில் தினமும் ஒரு புள்ளடி போட்டு முடித்தார். அப்புறம், அப்பாவுக்குக் கண் மஞ்சளானால் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள்.