1937-38ல் இந்தியாவின் அரிசி இறக்குமதி திடீரென எகிறியது ஏன்? ஏதாவது பஞ்சமா?

பஞ்சமெல்லாம் இல்லை. ஆய்வேட்டுக்காக அட்டவணையை வைத்துக்கொண்டு முழிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதே இடத்தில் வழுக்கி விழுந்தவன், அதனால்தான் எழுதுகிறேன்.

எம்.ஃபில். படித்தபோது பிரிட்டிஷ் இந்தியாவின் கடல்வழி வணிகக் கணக்குத் தொகுதிகளிலிருந்து அரிசியை மட்டும் பென்சிலில் பெயர்த்து எழுதினேன். தாளைத் திருப்பினால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். கிராஃப் தாளில் போட்டால், 1934-35 வாக்கில் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரிசி வந்த மேட்டைத் தவிர (அதற்காகத்தான் 1935ல் குருணைக்கு வரி போட்டார்கள்) இறக்குமதிக் கோடு தரையோடு கிடக்கிறது. 1937ல் செங்குத்தாக ஏறுகிறது. ஏற்றுமதி அங்கேயே தலைகுப்புற விழுகிறது. எனக்கு ஒரே குஷி. உலகப் பெருமந்தம், விலைச்சரிவு, விவசாயி நெல்லையே கைவிட்டான் என்று 12 பக்கம் அளந்துவிட்டேன்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வந்த வெளியூர்ப் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, 1936ல் ரங்கூன் எந்த நாட்டுல இருந்துச்சு?"

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. முந்தைய நாள் வரை பர்மாத் துறைமுகமான ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்த மூட்டை, தூத்துக்குடியிலிருந்து கல்கத்தா போவது மாதிரி வெறும் கரையோர வணிகம். மறுநாள் அதே மூட்டை இறக்குமதி. ரங்கூனிலிருந்து கொழும்புக்குப் போன அரிசி அதுவரை 'இந்திய' ஏற்றுமதி. அதுவும் கணக்கை விட்டுப் போனது. தேக்கு, மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான். ஒப்பிட வேண்டுமென்றால் பழைய ஆண்டுகளில் பர்மாத் துறைமுகங்களின் வெளிநாட்டு வணிகத்தைக் கழியுங்கள். பர்மாவுக்கும் மற்ற மாகாணங்களுக்கும் நடுவே நடந்ததைக் கூட்டுங்கள். பழைய தொகுதிகளில் மாகாணவாரியாகவே இருக்கும்.

'அப்படியானால் மந்தம் பாதிக்கவே இல்லையா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1928-29ல் சுமார் 330 கோடி ரூபாயாக இருந்த சரக்கு ஏற்றுமதி, 1932-33ல் 132 கோடிக்கு வந்துவிட்டது. அந்தப் பள்ளம் வேறு, இது வேறு.

என் நெறியாளர் சார் அந்த 12 பக்கத்திலும் கையெழுத்துப் போட்டவர்தான். ரங்கூனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிறகு நான் திருத்திய அட்டவணை ஓர் இதழில் அவர் கட்டுரையாக வந்தது. என் பெயர் நன்றியுரையில் இருந்தது, அதிலும் எழுத்துப்பிழை.