அருமை தெரிந்தவர்கள்

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் இயற்கை உணவுப் பொருட்கள் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஸ்பைருலினா மாத்திரை, கடல்பாசிப் பொடி என்று நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள். இரத்தசோகை, முடி உதிர்தல், புற்றுநோய் என எல்லாவற்றுக்கும் நல்லது என்று சப்ளை செய்பவர்கள் சொல்கிறார்கள். எதை நம்பி வாங்கி வைப்பது? இன்னொன்று. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். புதையலையே கையில் வைத்துக்கொண்டு, அதன் அருமை தெரியாமல் அடிமாட்டு விலைக்கு விற்கிறார்களே, அவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தினால் என்ன?

பதில்:

அன்புள்ள தம்பி,

இது உடம்புக்கு நல்லதா, அது நல்லதா என்று வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. நான் தாவரவியல் படித்தவன், வைத்தியன் இல்லை. உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச காலமாகவே அந்த விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் கடைச் சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன்.

ஸ்பைருலினா என்கிற நீலப்பச்சை நுண்பாசியின் காய்ந்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் புரதம் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஒரு நாளைக்கு விழுங்குவது இரண்டு மூன்று கிராம். கணக்குப் போட்டால் இரண்டு கிராம் புரதம்கூடத் தேறாது. ஒரு கைப்பிடி வேர்க்கடலை அதைவிட நிறையத் தரும். டப்பாவில் பி12 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத வகை. அதிலிருந்து எடுக்கும் நீல நிறமியான ஃபைக்கோசயனின் மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் இயற்கை வண்ணமாகப் போகிறது, அது நியாயமான வியாபாரம். நுண்பாசியிலிருந்து எடுக்கும் டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு எண்ணெய் உருப்படியான சரக்கு. மீன் எண்ணெயில் இருக்கும் அந்தக் கொழுப்பு மீனுக்கே பெரும்பாலும் பாசி வழியாகத்தான் வந்து சேருகிறது. சைவக்காரர்கள் நேரே பாசியிடமே போய்விடலாம். முடியை விட்டுவிடுங்கள். புற்றுநோய் என்று மட்டும் கடைப் பலகையில் எழுதினீர்களோ, அப்புறம் எனக்குக் கடிதம் போடாதீர்கள். ஆய்வகத் தட்டில் செல்கள் செத்தன என்பதும் ஒரு மனிதர் பிழைத்தார் என்பதும் ஒன்றல்ல.

சரி, இப்போது அந்த வரிக்கு வருவோம். அருமை தெரியாமல் விற்கிறார்கள் என்கிறீர்கள். யாருக்குத் தெரியாது?

உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் ஊரில் ரியாக்டிவ் சாயத்தில் துணிக்கு அச்சு போடும் பட்டறைக்குப் போய், சாயத்தைக் கூழாக்க என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள். ஆல்ஜினேட் என்பார்கள். ஸ்டார்ச் போட்டால் அது சாயத்தோடு வினைபுரிந்து துணியிலேயே ஒட்டி விறைத்துவிடும். ஆல்ஜினேட் அப்படிச் செய்யாது, அலசினால் போய்விடும். ராமநாதபுரம் கடற்கரையில் கட்டக்கோரை என்று சொல்கிற பழுப்புப் பாசியில் இருப்பது அதுதான். பல் டாக்டர் அச்செடுக்க வாயில் அப்பும் பசையும் அதே ஆல்ஜினேட். சாக்லேட் பாலில் கோகோ அடியில் தங்காமல் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் காரஜீனன், அது சிவப்புப் பாசியின் சரக்கு. ஊர் முழுக்கப் பாசியில் புழங்கிக்கொண்டு, அதை மாத்திரையில் தேடுகிறோம்.

பாசிக்கு மரம் மாதிரி விறைத்து நிற்கிற கட்டை கிடையாது. அலை இழுத்த பக்கம் வளைய வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் வெயிலில் கிடந்தாலும் காய்ந்துபோகக் கூடாது. அதற்காகச் செல் சுவரிலேயே தண்ணீரைப் பிடித்துவைக்கும் பசையை உண்டாக்கிக்கொள்கிறது. அகர், காரஜீனன், ஆல்ஜினேட் மூன்றும் அந்தப் பசைதான். என்னைக் கேட்டால் கடல்பாசியின் பெரிய கொடை இதுதான், மருந்து இல்லை. இந்தப் பசையைக் கொண்டாட ஆளில்லை. எந்தச் செடியைக் காட்டினாலும் 'இது எதுக்கு நல்லது, சர்க்கரைக்கா, மூட்டுவலிக்கா' என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

கல்லூரி ஆய்வகத்தில் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்த வேலை, கிருமிகளை வளர்க்கும் தட்டுகளில் அகர் ஊற்றுவது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த குடுவையைக் கொஞ்சம் ஆறவிட்டு, கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார் எங்கள் லேப் உதவியாளர். சூடு தாங்கினால் ஊற்றலாம். தாமதித்தால் குடுவைக்குள்ளேயே கட்டியாகிவிடும். அகர் உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும், இறுகுவதோ 40-க்குக் கீழே இறங்கிய பிறகு. இந்த இடைவெளியில்தான் நுண்ணுயிரியல் என்ற துறையே வேர்பிடித்தது. அதற்கு முன் ஜெர்மன் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில், விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கோடை வந்தால் உருகிவிடும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று தண்ணீராக்கிவிடும். 1881-ல் அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, வீட்டில் நீ செய்கிற ஜெல்லி மட்டும் எப்படி வெயிலில் உருகுவதில்லை என்று மனைவி ஃபேனியிடம் கேட்டார். அகர்-அகர் என்றார் அவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அக்கம்பக்கத்தவரிடம் கற்றுக்கொண்ட சமையல். மறு வருஷம் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகரைச் சொன்ன கோக், ஹெஸ்ஸே என்ற பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதனால் காசும் வரவில்லை.

என் அறைத்தோழன் கீழக்கரைக்காரன். நோன்பு மாதத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் உம்மா கடல்பாசி காய்ச்சினார், அதுவும் அகர்தான். இழை இழையாக இருந்த பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, சீனியும் பாலும் சேர்த்து, கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டின் முதுகில் விட்டார். அது ஓடாமல் நின்றதும் அடுப்பை அணைத்தார். இறுக ஃப்ரிட்ஜ் வேண்டாமா என்று ஆய்வகத்துக்காரன் தோரணையில் கேட்டேன். "ஐஸ்பெட்டி எதுக்கு தம்பி, அது பாட்டுக்கு இறுகிக்கும்" என்றார். ஃபேனி ஹெஸ்ஸேயிடமும் அதற்கு மேல் விஞ்ஞானம் இருந்திருக்காது.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வாருங்கள். அந்தப் பெண்களின் விரல்களில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க அது. எந்தப் பாறையில் எந்தப் பாசி, அமாவாசை பௌர்ணமிக்கு நீரோட்டம் எப்படி மாறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அடியோடு பிடுங்காமல் மேலாகப் பறித்தால் திரும்ப முளைக்கும் என்பதும் தெரியும். மீன் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் கடலுக்குப் போவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். மரிக்கொழுந்துப் பாசியின் அகர் கெட்டியாக இறுகும், அதனால் அதற்கு விலை அதிகம். கஞ்சிப் பாசியின் அகர் தளர்வு, காரக் கரைசலில் (ஆல்கலி) ஊறவைத்துச் சரிசெய்ய வேண்டும், ஆகவே விலை குறைவு. கட்டக்கோரை அதற்கும் கீழே. நான் முதுகலையில் படித்ததை அவர்கள் எடைத்தட்டில் வைத்தே சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஏன் அடிமாட்டு விலை? கரையில் அவர்களிடம் இருப்பது பாசி மட்டும்தான். கொதிகலன், வடிகட்டி, உறைய வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் சாதனம், வாங்கும் கம்பெனியின் முகவரி எல்லாம் வேறு கைகளில் இருக்கின்றன. ஒரே பாசியில் எடுத்த அகர் சமையலுக்கு ஒரு விலை, ஆய்வகத்துக்குப் பல மடங்கு விலை, டி.என்.ஏ.வைப் பிரிக்கும் அகரோஸாகச் சுத்திகரித்தால் அதற்கும் மேலே. இந்த ஏணியில் பறிப்பவர் முதல் படியிலேயே நிற்கிறார். போதாததற்கு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவானதிலிருந்து, தாயும் பாட்டியும் பறித்த இடத்துக்குப் போவதே குற்றமாகிவிட்ட நிலை. பவளத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே பவளத்தை மூடிப் படர்ந்ததாக 2008-ல் குருசடைத் தீவிலிருந்து செய்தி வந்தது காப்பாஃபைகஸைப் பற்றி. ஊர்க்காரர்கள் பெப்சிப் பாசி என்று சொல்கிற வெளிநாட்டு வகை அது. வளர்ப்புக்காக வந்தது. மரிக்கொழுந்து பறித்தவர்கள் கொண்டுவந்ததல்ல.

இதில் எந்த இடத்தில் உங்கள் விழிப்புணர்வு வகுப்பைச் சொருகப் போகிறீர்கள்? உங்களுக்குக் கெட்ட மனசில்லை, தெரிகிறது. ஏழை என்றால் விவரம் தெரியாதவர் என்று நம்மிடம் ஊறிப்போன நினைப்பு, அவ்வளவுதான். தீவுப் பக்கம் போனால் விரட்டாதீர்கள், எடையில் ஏமாற்றாதீர்கள், நேரடியாக விற்க வழி செய்யுங்கள் என்றுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மூன்றாவதற்கு உங்களைப் போன்ற கடைக்காரரால் ஏதாவது செய்ய முடியும். முதலில் உங்களுக்குச் சப்ளை செய்பவரிடம், பாசி எந்தக் கரையிலிருந்து வருகிறது, பறித்தவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.

பி.கு: கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசியின் பொடி வாங்கி வைத்திருந்தால், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். அயோடின் தாறுமாறாக இருக்கும். டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.