கைட்சர்ஃபிங்கில் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) தண்ணீரிலிருந்து எழும்போதெல்லாம் குப்புற விழுகிறேன். பட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கரையில் சின்னப் பட்டத்தை ஒழுங்காக ஓட்டுகிறீர்கள், பலகையைக் காலில் மாட்டியதும் எல்லாம் மறந்துபோகிறது, அப்படித்தானே? உங்கள் கை பாரை, அதாவது அந்தக் கைப்பிடிக் கம்பியை, இழுக்கிறது. பந்தயமே கட்டுவேன்.

நான் கொல்லங்கோடு பக்கம், கேரள எல்லையை ஒட்டிய கடற்கரைக்காரன். அப்பாவின் வள்ளத்தில் வளர்ந்த திமிரோடுதான் கச்சான் காற்று வீசும் ஜூலையில் இதைக் கற்க ராமேஸ்வரம் போனேன். பயிற்சியில் கூட இருந்த பெங்களூர்ப் பெண்ணுக்கு நீச்சலே அரைகுறை, மூன்றாம் நாள் எழுந்து போய்விட்டாள். நான் நான்காம் நாளும் உப்புத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வானத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் போக வேண்டுமானால், தலைக்கு மேல் 12 மணியில் நிற்கும் பட்டத்தை மெல்ல 11க்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரே வீச்சில் 1, 2 மணிப் பக்கம் இறக்க வேண்டும், அந்த இறக்கம்தான் ஆளைத் தூக்கும். நானோ இழுப்பு வந்ததும் பயந்துபோய், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் பாரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டேன். ஸ்கூட்டர் சரியும்போது ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவோமே, அதேதான். இழுக்க இழுக்க வேகம் கூடி, பலகையைத் தாண்டிப் போய் விழுவேன். "அண்ணே, பாரைத் தள்ளி விடுங்கண்ணே!" என்று கத்தியே சொல்லிக்கொடுத்த தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது. இழுப்பைத் தாங்குவது இடுப்பில் கட்டிய ஹார்னஸ் பட்டை, கைக்கு வேலை ஓட்டுவது மட்டும்தான். இது மண்டையில் ஏற எனக்கு நான்கு நாள்!

அப்புறம் அந்தத் தம்பி பலகையைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒற்றைக் கையில் பட்டத்தை ஓட்டியபடி வெறும் உடம்போடு இழுபட்டுப் போகும் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வைத்தார். அவமானமாக இருந்தது, ஆனால் பட்டத்தை அண்ணாந்து பார்க்காமல் ஓட்ட அதில்தான் பழகினேன். ஐந்தாம் நாள், முழங்காலை மடக்கி, பலகையின் மூக்கைக் கொஞ்சம் காற்று போகும் பக்கம் திருப்பி எழுந்தேன். பத்து மீட்டர் போயிருப்பேன்.

'நீ என்ன பெரிய பயிற்சியாளனா' என்று யாரும் வர வேண்டாம், விழுந்தவன் என்ற தகுதியில்தான் சொல்கிறேன்.

ஊரில் ஓட்டலாமென்று பழைய பட்டம் ஒன்று வாங்கினேன். 20 மீட்டருக்கு மேல் கயிறு விரிக்க மணல் வேண்டுமே, எங்கே இருக்கிறது? நான் பந்து விளையாடிய இடமெல்லாம் கடல் அரிப்புக்குக் கொட்டிய கல். அதுவும் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் அங்கே பட்டம் ஏற்றினால் அதோடு நம்மையும் கல்லில் அடித்துவிடும். நீங்கள் பழகுவது மணல் கரையென்றால் கொடுத்துவைத்தவர்.