சோப்ரானோஸ்: கேலியும் கோளும் – கடிதம்

அன்புள்ள சார்,

நியூஜெர்சி மாஃபியா கும்பல் ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொடரான 'சோப்ரானோஸ்' இப்போதுதான் பார்த்து முடித்தேன். 86 எபிசோடுகள், இரண்டரை மாதம் ஆனது. மகத்தான தொடர் என்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஒட்டவே இல்லை. ஆளைச் சுட்டுவிட்டு நேராகச் சாப்பிடப் போகிற ஐம்பது வயது ஆட்கள், ஒரு கிண்டலுக்கு எட்டாம் வகுப்புப் பையன்கள் மாதிரி மூக்கு விடைக்கிறார்கள். மனைவியைக் குண்டு என்று சொல்லிவிட்டார்கள் என்று ஒரு எபிசோடு முழுக்கக் கொந்தளிப்பு. மோனோபோலி ஆடும்போது அடிதடி. அதே ஆட்கள் 'பிக் புஸி', 'பாலி வால்நட்ஸ்' என்று கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். எந்தக் கேலி செல்லும், எது செல்லாது என்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா? இல்லை, கதையை நகர்த்த வேண்டியபோது மட்டும் கோபம் வரவைக்கிறார்களா? தாழ்வு மனப்பான்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளலாமா?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

விதி இருக்கிறது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸும் அவரோடு எழுதியவர்களும் 1999 முதல் 2007 வரை அதை அநேகமாகப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். பாத்திரங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இரண்டரை மாதத்தில் 86 எபிசோடுகளை விழுங்கினால் கண்ணில் படாமல் போவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

பட்டப்பெயர்களை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அவற்றில் பெரும்பாலானவை கேலியே அல்ல. இத்தாலியக் குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர். நம் ஊர் 'பெயரன்' கதைதான். விளைவு, ஒரு தெருவில் நாலு டோனி, மூன்று சால், ஐந்து ஜானி. தொடரில் ஒரே வயதுள்ள இரண்டு டோனிகளை 'அங்கிள் ஜானியின் டோனி', 'அங்கிள் ஆலின் டோனி' என்று அப்பா பெயரைச் சேர்த்துப் பிரிக்கிறார்கள். லிட்டில் புஸி என்று இன்னொருவன் இருப்பதால் இவன் பிக் புஸி. பூனை மாதிரி சத்தமில்லாமல் வீடு புகுந்து திருடியவன் என்பதால் அந்தப் பெயர். அதன் ஆபாசப் பொருள் எல்லோருக்கும் தெரியும், யாரும் சிரிப்பதில்லை. பாபி பக்காலியேரியை 'பக்காலா' என்கிறார்கள். பக்காலா என்றால் உப்புப் போட்டு உலர்த்திய காட் மீன், நம் கணக்கில் கருவாடு. கருவாடு என்று கூப்பிட்டால் "என்ன?" என்று திரும்புகிறான். பாலி ஒரு லாரியைக் கடத்தினான், உள்ளே டிவி பெட்டிகள் என்று நினைத்தான், திறந்தால் வால்நட். ஒரு தொழில்முறைத் தோல்வி அவனுக்குப் பெயராகவே ஒட்டிவிட்டது, அவன் வெட்கப்படுவதே இல்லை. ஜோயி பீப்ஸின் கதை இதைவிட வேடிக்கை. அவன் செத்தபோது கல் செதுக்கியவர் பீப்ஸ் என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து அதையே கல்லறையில் வெட்டிவிட்டார்.

இந்தப் பெயர்கள் ஏன் உறுத்தவில்லை? எல்லோர் முன்னாலும், ஆளின் முகத்துக்கு நேரே, பல வருடமாகச் சொல்லித் தேய்ந்துவிட்டன. யாருக்கும் அதில் ஆதாயம் இல்லை. உறுத்துவது புதிதாகப் பிறக்கும் கேலி. அதிலும் ஆள் இல்லாத இடத்தில் பிறந்து, பிறகு அவன் காதுக்கு வந்து சேரும் கேலி.

நீங்கள் குறை சொன்ன அந்த எபிசோடையே எடுத்துக்கொள்வோம். 'தி வெயிட்', 2002 அக்டோபரில் வந்தது. அதற்குச் சற்று முன் ஒரு சாப்பாட்டு மேஜையில் டோனியின் ஆள் ரால்ஃப், நியூயார்க்கின் ஜானி சாக்கின் மனைவி ஜின்னியைப் பற்றி ஒரு ஜோக் அடிக்கிறான். அவள் பின்புறத்திலிருந்து 95 பவுண்ட் மச்சம் ஒன்றை வெட்டி எடுக்கப் போகிறார்களாம். மேஜை முழுக்கச் சிரிக்கிறது, நியூஜெர்சி கும்பலின் தலைவனும் தொடரின் நாயகனுமான டோனி சோப்ரானோவும்தான். சிறையில் இருக்கும் பாலிக்கு அவன் உறவுக்காரப் பையன் லிட்டில் பாலி மூலம் அது போகிறது. பாலி அதை ஜானியின் காதில் போடுகிறான். ஜோக்கில் விஷம் கொஞ்சம்தான். அதைச் சுமந்துபோன விதத்தில்தான் முழு விஷமும் ஏறுகிறது. மேஜையில் அது குண்டான ஒரு பெண்ணைப் பற்றிய அசிங்கமான பேச்சு. ஜானியிடம் வந்து சேரும்போது, "நீ இல்லாத இடத்தில் நியூஜெர்சிக்காரர்கள் எல்லோரும் உன் வீட்டுப் பெண்ணை வைத்துச் சிரித்தார்கள், ஒருத்தனும் தடுக்கவில்லை" என்ற செய்தியாகிவிடுகிறது.

இங்கே ஜானியின் நிலையைக் கவனியுங்கள். அவன் நியூயார்க் குடும்பத்தில் இரண்டாம் இடம். அந்தப் பதவிக்கு ஆணை இல்லை, முத்திரை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. அறைக்குள் நுழையும்போது மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்களா, பேச்சு நிற்கிறதா என்பதுதான் அவனுடைய மொத்த ஆவணம். அதனால்தான் ரால்ஃபின் ஆள் டானி கே மதுக்கடையில் யாருடனோ சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், அது ஜின்னியைப் பற்றித்தான் என்று அவனே முடிவு செய்துகொள்கிறான். அடித்துக் கீழே தள்ளி, மேலே சிறுநீரும் கழித்துவிட்டுப் போகிறான். அந்தச் சிரிப்பு எதைப் பற்றியது என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. எழுதியவர்களின் சாமர்த்தியம் அது.

ரால்ஃபைக் கொல்ல ஜானி அனுமதி கேட்கிறான். சடங்கு முடித்து உறுப்பினரானவனைத் தலைவர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. ரால்ஃப் நிறையச் சம்பாதித்துக் கொடுப்பவன், எஸ்ப்ளனேட் கட்டுமானத்தில் அவன் மூலம் பணம் வருகிறது. நியூயார்க் தலைவர் கார்மைன் அனுமதி தர மறுக்கிறார். ஜானி தன் போக்கில் ரால்ஃபுக்கு ஆள் வைக்கிறான். டோனி, கார்மைனின் சம்மதத்தோடு, ஜானிக்கு ஆள் வைக்கிறான். ஒரு ஜோக்குக்கு இரண்டு கொலை ஏற்பாடு. பயணம் கிளம்பிய ஜானி வீட்டுக்குத் திரும்பிவருகிறான். ஜின்னி கீழ்த்தளத்தில் ஒளித்து வைத்திருந்த மிட்டாய்களைத் தின்றுகொண்டிருக்கிறாள். உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன் என்று அத்தனை நாளும் அவனிடம் சொல்லிவந்தவள். அவன் முதலில் கத்துகிறான், பிறகு அடங்குகிறான். நீ எப்படி இருந்தாலும் எனக்குப் பிரச்சினையே இல்லை என்கிறான், உண்மையாகவே. இரண்டு கொலைகளும் நின்றுபோகின்றன. எழுபது மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தத் தொடரில், மனைவியை முழு மனதோடு நேசிக்கும் ஆணைத் தேடினால் இவன்தான் முதலில் கிடைப்பான். அவனைத்தான் அந்த ஜோக் குறிவைத்தது.

இப்போது பாலி ஏன் கோள் சொன்னான்? சிறையில் இருக்கும் தன்னை டோனி கண்டுகொள்ளவில்லை என்ற புழுக்கம். அதைப் பயன்படுத்திக்கொண்டு ஜானி, "கார்மைன் உன்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்" என்று ஐஸ் வைக்கிறான். பாலி அதை நம்பி உள்தகவல்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். அந்தச் சீசன் முடிவதற்கு முந்தைய எபிசோடான 'எலோயிஸி'ல் கார்மைனை நேரில் பார்த்து வணங்கப் போகிறான். கார்மைனுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. முகத்தில் எந்த அசைவும் இல்லை. தொடரின் மிகக் கொடூரமான அவமானம் என்று நான் சொல்வது இதைத்தான். யாரும் கேலி செய்யவில்லை, பட்டப்பெயர் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அடுத்து என்ன நடக்கிறது? அவன் தன் அம்மாவின் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு கிழவியின் வீட்டுக்குள் பணத்துக்காகப் புகுந்து, மாட்டிக்கொண்டதும் தலையணையால் அழுத்திக் கொல்கிறான். அந்தப் பணத்தைத் தடிமனான கவரில் போட்டு டோனியிடம் நீட்டுகிறான். தன்னை அடையாளம் தெரியும் ஆளிடம் திரும்பிப் போய்விட்டான்.

டோனியின் கணக்கு வேறு. அவன் எல்லோரையும் நக்கலடிப்பான். பாபியின் உடம்பைப் பற்றி இரண்டாம் சீசனிலிருந்தே வாய்க்கு வந்ததைப் பேசுகிறான். ஆனால் சிறையிலிருந்து வந்த உறவுச் சகோதரன், அந்த இன்னொரு டோனி, எல்லோர் முன்னாலும் தன் தொப்பையைக் கிண்டல் செய்ததும் அவனைத் தனியே அழைத்து அடக்குகிறான். கேலி மேலிருந்து கீழே மட்டும்தான் பாய வேண்டும். இந்த ஒருவழிப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. கீழே இருப்பவன் சிரிப்பது உண்மையா என்று மேலே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாம் சீசனில் மனைவி கார்மெலா அதைப் போட்டு உடைக்கிறாள்: நீ முதலாளி என்பதால்தான் உன் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள். டோனி சீட்டாட்ட மேஜையில் சோதித்துப் பார்க்கிறான். கணக்குப்பிள்ளையையும் ஜெட் விமானத்தையும் கலந்தால் என்ன வரும்? போரிங் 747. மேஜை வெடித்துச் சிரிக்கிறது. கேமரா ஒவ்வொரு முகமாக மெதுவாக நகர்கிறது, திறந்த வாய்கள், பற்கள். டோனியின் முகம் இறுகுகிறது. கிழவர் ஃபீச் மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. தர்க்கப்படி பார்த்தால் அந்த மேஜையில் உண்மையாக இருந்தது அவர் ஒருவர்தான், டோனி அவரை மதித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? அவர் வீட்டில் திருட்டு டிவிக்களை வைக்கச் செய்து, பரோல் அதிகாரி வரும்போது மாட்டவிட்டு, மறுபடி சிறைக்கே அனுப்புகிறான். ஃபீச் வேறு வகைகளிலும் தொல்லை கொடுத்தவர்தான். ஆனால் முடிவு அந்த மேஜையிலேயே எடுக்கப்பட்டது என்பது என் கட்சி.

மோனோபோலி சண்டையையும் இதே இடத்திலிருந்து பாருங்கள். 'சோப்ரானோ ஹோம் மூவீஸ்', 2007 ஏப்ரல். டோனிக்கு 47-வது பிறந்தநாள், ஏரிக்கரை வீடு, எல்லோருக்கும் போதை. ஃப்ரீ பார்க்கிங்கில் வந்து நின்றால் நடுவில் கிடக்கும் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்று முதலில் ஒரு தகராறு. (கிடைக்காது, பாபிதான் சரி, பெட்டியோடு வரும் விதியில் அது இல்லை, வீட்டுக்கு வீடு சேர்த்துக்கொண்டது.) பிறகு டோனி, பாபியின் மனைவியும் தன் அக்காவுமான ஜேனிஸை வைத்து ஆபாசமாகப் பாடுகிறான். பாபி எழுந்து அடிக்கிறான், ஜெயித்தும் விடுகிறான். மறுநாள் டோனி கார்மெலாவிடம் காரணங்களை அடுக்குகிறான்: தரைவிரிப்பு வழுக்கியது, குண்டு பாய்ந்த உடம்பு, இத்யாதி. அதற்கு முன் படகில் பாபி, தான் இதுவரை ஒரு கொலைகூடச் செய்ததில்லை என்று சொல்லியிருந்தான். அப்பா பெயர் போன கொலையாள். மகனுக்கு அது வேண்டாம் என்று நினைத்தவர். டோனி சரியாக அந்த இடத்தில் கைவைக்கிறான். கனடாக்காரர்களுடன் காலாவதி மருந்து பேரத்தில் விலையைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மாண்ட்ரியாலில் ஓர் இளைஞனைக் கொல்லும் வேலையை பாபியின் தலையில் கட்டுகிறான். தோற்றவன் ஜெயித்தவனிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டான் என்பதை அந்த எபிசோடு ஒரு வரிகூடச் சொல்வதில்லை. பாபி வீடு திரும்பி மகளைத் தூக்கி அணைத்துக்கொள்கிறான், அதோடு முடிகிறது.

டோனியின் சித்தப்பா அங்கிள் ஜூனியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எழுபது தாண்டியும் 'சின்னவர்' என்றே அழைக்கப்படுபவர். படுக்கையறை ரகசியம் ஒன்று அழகு நிலைய அரட்டையில் கசிந்து கார்மெலா வழியாக டோனிக்கு வர, அவன் கோல்ஃப் மைதானத்தில் அதைக் குத்திக்காட்ட, அவர் காதலியின் முகத்தில் 'பை' என்ற இனிப்புப் பலகாரத்தை அப்பிவிட்டு உறவையே முறித்துக்கொள்கிறார். அங்கேயும் கேலி நடந்து வந்த பாதைதான் கதை.

நியூயார்க் குடும்பத்தின் ஃபில் லியோடார்டோ மட்டும் கொஞ்சம் விசித்திரம். தாத்தாவின் பெயர் லியோனார்டோ, குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவில் அதிகாரிகள் கெடுத்துவிட்டார்கள், லியோடார்ட் என்ற நடன உடையின் பெயரைக் குடும்பத்துக்கு வைத்துவிட்டார்கள் என்று பேரப் பிள்ளைகளிடம் பொருமுகிறான். உண்மையில் எல்லிஸ் தீவு எழுத்தர்கள் கப்பலில் தயாரான பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தார்களே தவிர, பெயர் வைக்கும் வேலை செய்யவில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கட்டுக்கதை இது. இருபது வருடம் சிறையில் வாய்திறக்காமல் இருந்த ஆள், நடக்காத ஓர் அவமானத்தைச் சுமந்துகொண்டு திரிகிறான். டேவிட் சேஸின் குடும்பப் பெயரும் முன்பு டிசேசரே என்று இருந்தது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

கதையை நகர்த்தவே கோபம் வரவைக்கிறார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நிஜத்தில் அல் கபோனை 'ஸ்கார்ஃபேஸ்' என்று பத்திரிகைகள்தான் எழுதின, அவருக்கு அது அறவே பிடிக்காது. நெருங்கியவர்கள் கூப்பிட்டது 'ஸ்நார்க்கி'. இன்னொரு தாதாவான சீகலின் முகத்துக்கு நேரே 'பக்ஸி' என்று சொல்ல ஆளில்லை. ஜெனோவேசே குடும்பத் தலைவர் வின்சென்ட் ஜிகான்டேயின் பெயரை உச்சரிக்கவே கூடாது. பேச்சில் அவரைக் குறிக்க வேண்டுமென்றால் மோவாயைத் தொட்டுக்காட்ட வேண்டும். 1999-ல் தொடர் வந்த சில வாரங்களிலேயே நியூஜெர்சியின் நிஜ மாஃபியாக்காரர்கள் இதைப் பற்றிப் பேசியது எஃப்பிஐ ஒலிப்பதிவில் சிக்கியிருக்கிறது. கோபம் இல்லை அவர்களுக்கு. இது நம்மைப் பற்றியதுதானா, யார் யார் இதில் வருகிறோம் என்று ஆர்வத்தோடு விசாரித்துக்கொள்கிறார்கள். முதல் சீசனில் டோனியின் இளம் கையாள் கிறிஸ்டோஃபர் தன் பெயர் பேப்பரில் வரவில்லை என்று புலம்பி, வந்த நாளில் ஒரு பிரதிக்குக் காசு போட்டுவிட்டுப் பெட்டியிலிருந்த அத்தனை பிரதிகளையும் அள்ளிக்கொண்டு ஓடுவானே, அதே ஆர்வம்.

தாழ்வு மனப்பான்மை என்ற சொல் இவ்வளவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிடும். திரும்பப் பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொரு கேலியையும் கேட்டதும் யார் சொன்னது என்பதை விடுங்கள். யார் அங்கே இல்லை, யார் கொண்டுபோய்ச் சொல்லப் போகிறான் என்று பாருங்கள்.

அந்த 95 பவுண்ட் ஜோக் 2002-ல் முடிந்துவிடவில்லை. 2007-ல் வந்த 'ரிமெம்பர் வென்' எபிசோடில் டோனியும் பாலியும் ஃப்ளோரிடாவில் படகில் போகிறார்கள். ஜோக்கைச் சொன்ன ரால்ஃப் செத்து நாளாகிவிட்டது. ஜானி அதற்கு முந்தைய எபிசோடில்தான் சிறைக் காவலில் புற்றுநோயில் செத்தான். டோனி கேட்கிறான்: ஜின்னியைப் பற்றிய அந்த ஜோக்கை ஜானியிடம் போட்டுக்கொடுத்தது யார்? படகில் கைக்கெட்டும் தூரத்தில் கோடரி இருக்கிறது, டோனியின் கண் அதன்மேல் போகிறது. பாலி ஒத்துக்கொள்ளவே இல்லை. 86-வது எபிசோடில் டோனியின் ஆட்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் அல்லது ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்கிறார்கள். பாலி இறைச்சிக் கடை வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கிறான்.