தகட்டுத் தடம் இல்லாத கோம் ஓம்போ படம் போலியா?

ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த, எகிப்தின் கோம் ஓம்போ கோயில் படம் ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, ஓரத்தில் தகட்டுத் தடம், அதாவது அச்சுத்தகடு அழுந்திய பள்ளம், இல்லை, ஆகவே அது போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காரணத்தால் மட்டும் அது போலி ஆகிவிடாது. இதே காரணத்தை நம்பி என்னிடமிருந்த படத்தைக் கைவிட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் நிபுணன் அல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் அந்தப் படத்தை வாங்கினேன். நைல் நதிக்கரை மேட்டில், பாதித் தூண்கள் மணலில் புதைந்து கிடக்க, முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் மூத்த ஹோரஸுக்கும் பொதுவான அந்த இரட்டைக் கோயில் நிற்கும். நாடகத் திரைச்சீலை வரைந்து தொழில் கற்றவர் ராபர்ட்ஸ் என்பதால், மணலை அவர் கூட்டி வரைந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். அங்கு 1893-இல்தான் மணலை அகற்றினார்கள் என்பதும், 1838-39-இல் அவர் கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஊர் திரும்பும் முன் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் காட்டியபோது, அவர் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, தகட்டுத் தடம் இல்லை, இது பிற்கால நகல் என்றார். படத்தின் சட்டத்துக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்து அவரே எடுத்தும் கொண்டார். ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தடம் செப்புத்தகட்டிலோ எஃகுத்தகட்டிலோ செதுக்கி அச்சிட்ட படங்களுக்கு உரியது. ராபர்ட்ஸின் எகிப்துப் படங்கள் 1846 முதல் 1849 வரை வெளிவந்த கல்லச்சுப் படங்கள்; அவருடைய வண்ண ஓவியங்களைப் பார்த்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கொழுப்புக் கிரேயானால் வரைந்தவர் லூயி ஹாக். வலக்கை ஊனமான அவர் இடக்கையாலேயே வரைந்தார். கல்லச்சில் தகடே இல்லாதபோது தடம் எங்கிருந்து வரும்?

நீங்கள் பார்க்க வேண்டியது பூதக்கண்ணாடியில். நிழல் பகுதிகள் கிரேயானின் ஒழுங்கற்ற பொருக்குகளாகத் தெரிந்தால் அது கல்லச்சாக இருக்க வாய்ப்புண்டு; பல நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் தெரிந்தால் அது நம் காலத்து ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்த நகல். விற்பதற்கு முன் கைபேசியில் நான் எடுத்திருந்த நெருக்கப் படத்தைச் சில மாதங்கள் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது பொருக்குகள்தான் தெரிந்தன. அளவு சிறிதாக இருக்கிறதே என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். 1855-56-இல் சிறிய அளவிலும் ஒரு பதிப்பு வந்தது.

இன்னொன்று: புதுச் சட்டம் போடக் கொடுத்தால், படத்துக்குக் கீழே வெளியீட்டாளர் பெயர் அச்சிட்ட ஓரம் இருக்கிறதா என்று பார்த்து, அதை வெட்டக் கூடாது என்று கடைக்காரரிடம் எழுதியே கொடுங்கள்.